ஆறு வாரமும் ஆறு மணி நேரமும்

1940களில் மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்த ஒருவருக்கு எழுதப்பட்ட உத்தரவுகள் கொஞ்சம்தான். மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தானாகப் புரளக் கூடாது. உணவை வேறொருவர் ஊட்டுவார், முகத்தை வேறொருவர் மழிப்பார், மலஜலம் கழிப்பதும் படுக்கையிலேயே. வலிக்கு மார்ஃபின், மூச்சுக்கு ஆக்சிஜன். இப்படி நான்கு முதல் ஆறு வாரம். அவ்வளவு கவனித்தும் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வீடு திரும்பவில்லை.

இன்று அதே வலியோடு நல்ல வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரத்தில் வந்து சேர்பவருக்கு, உள்ளே நுழைந்த பத்து நிமிடத்தில் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. ஒன்றரை மணி நேரத்துக்குள் காத் லேப் என்னும் சிகிச்சைக்கூடத்தில் மணிக்கட்டு வழியாகக் குழாய் நுழைந்து, அடைபட்ட ரத்தக்குழாய் திறக்கப்பட்டு, ஸ்டென்ட் வைக்கப்பட்டுவிடுகிறது. மறுநாள் வார்டில் நடக்கச் சொல்கிறார்கள். சிக்கல் ஏதும் இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் கையில் ஒரு ஃபைலுடன் வீட்டுக்கு. மருத்துவமனையில் இறப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து, ஆறு பேர்.

ஆறு வாரம் என்ற கணக்கு வெறும் பயத்தில் பிறந்ததல்ல. பாஸ்டனின் இதய மருத்துவர் பால் டட்லி வைட்டும் நோயியலாளர் மாலரியும் 1939இல், மாரடைப்புக்குப் பின் வெவ்வேறு காலம் கழித்து இறந்தவர்களின் இதயங்களைத் திறந்து பார்த்து எழுதினார்கள். சிறிய காயம் உறுதியான தழும்பாக மாற ஐந்து வாரம் போல ஆகிறது, பெரிய காயத்துக்கு இரண்டு மாதம். ஆறாத சுவரின்மேல் அழுத்தம் கூடினால் அது கிழிந்துவிடும் என்ற அச்சத்துக்கு இதனால் ஓர் அடிப்படை கிடைத்தது. எலும்பு முறிந்தால் கட்டுப் போடலாம். நிமிடத்துக்கு எழுபது முறை அசையும் உறுப்புக்குக் கட்டுப் போட முடியாது. ஆகவே மனிதனையே அசையாமல் கட்டிப்போட்டார்கள். தர்க்கத்தில் குறையில்லை. ஆனால் அசையாத கால்களில் ரத்தம் உறைந்தது; உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தது; இதயம் ஆறிக்கொண்டிருக்கும்போதே நோயாளி வேறொன்றால் இறந்தார்.

இந்த மருத்துவத்தின் உச்சநிலையைப் பார்க்க 1955 செப்டம்பர் 23க்குப் போகலாம். அமெரிக்க அதிபர் ஐசனோவர் டென்வரில் விடுமுறையில் இருந்தார். பகலெல்லாம் கோல்ஃப். மதியம் வெங்காயம் வைத்த ஹாம்பர்கர். வயிறு சரியில்லாமல் போனதும் வெங்காயத்தின்மேல் பழி போட்டார். நம் வீடுகளில் வாயுவின்மேல் போடுவது போலத்தான். நள்ளிரவுக்குப் பிறகு நெஞ்சுவலி வந்தது. அவருடைய மருத்துவர் ஹோவர்ட் ஸ்னைடர் வந்து மார்ஃபின் போட்டுத் தூங்கவைத்தார். காலையில் செய்தியாளர்களுக்குச் சொல்லப்பட்டது அஜீரணக் கோளாறு. ஈசிஜி எடுத்தது அன்று பிற்பகலில்தான். ஸ்னைடர் நோயைக் கண்டுகொள்ளத் தவறினாரா, தெரிந்தே தூங்கவிட்டாரா என்று வரலாற்றாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எப்படியிருந்தாலும் பத்து மணி நேரம் போல் கழிந்துவிட்டது. அன்றைக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை நியூயார்க் பங்குச்சந்தை ஆறரை சதவீதம் சரிந்தது. ஐசனோவர் ராணுவ மருத்துவமனையில் ஆக்சிஜன் கூடாரத்துக்குள் படுத்திருந்தார். தழும்புக் கணக்கை எழுதிய அதே பால் டட்லி வைட்தான் வரவழைக்கப்பட்டார். உலகமே காது கொடுத்துக் கேட்ட செய்தியாளர் கூட்டத்தில், இதயத்தில் நடந்தது என்ன என்பதைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி சொன்னார். அதிபரின் வயிறு நன்றாகக் கழிந்தது என்பதையும் கூச்சமில்லாமல் அறிவித்தார். ஏழு வாரம் கழித்து, நவம்பர் 11 அன்று, ஐசனோவர் டென்வரை விட்டுக் கிளம்பினார். உலகின் மிகச் சக்தி வாய்ந்த மனிதருக்கு அன்று கிடைத்த மிகச் சிறந்த சிகிச்சை அது. இன்றோ, தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்கீழ், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு முதல் வேளையிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்த்துத் தரப்படுகின்றன. இவற்றில் பின்னிரண்டு 1955இல் உலகத்திலேயே கிடையாது. முதலாவது எந்த மருந்துக்கடையிலும் இருந்தது. மாரடைப்பில் உயிர் காக்கும் என்பதுதான் உறுதியாகத் தெரியாது.

நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பும் முயற்சி 1955க்கு முன்பே தொடங்கியிருந்தது. பாஸ்டனில் சாமுவேல் லெவினும் அவருடைய இளைய உதவியாளர் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளை முதல் நாளிலிருந்தே சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். 81 பேரின் அனுபவத்தை 1952இல் வெளியிட்டார்கள். வார்டில் இருந்த பயிற்சி மருத்துவர்கள் இதைக் கொலைக்குச் சமமாகப் பார்த்ததாகவும், தன்னைக் கண்டதும் நாஜி வணக்கம் வைத்துக் கேலி செய்ததாகவும் லவுன் பின்னாளில் எழுதினார். அதே நோயாளிகள் தெம்பாகி, தூக்கமும் பசியும் திரும்பி, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்க ஆரம்பித்ததும் கேலி நின்றது. ஒரு நாற்காலிதான் அந்தக் கண்டுபிடிப்பு.

1961இல் டெஸ்மண்ட் ஜூலியன் என்ற மருத்துவர், மாரடைப்பு நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்து ஈசிஜி திரையில் இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும், துடிப்பு தாறுமாறானால் அங்கேயே மின்னதிர்ச்சி தர வேண்டும் என்று எழுதினார். நாம் ஐசிசியூ என்று சொல்வதன் தொடக்கம் அது. மருத்துவமனை இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் அது துடிப்பைக் காத்தது, தசையைக் காக்கவில்லை. அடைபட்ட குழாய் அடைபட்டபடியே இருந்தது.

ஏன் இருந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் சங்கடமான பகுதியும் கூட. சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக், இதயத்தின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பதுதான் இந்த நோய், அது வந்தவர் பிழைக்கவும் கூடும் என்று 1912இலேயே எழுதிவிட்டார். ரத்தக்கட்டியைக் கரைக்கக்கூடிய ஒரு பொருளை வில்லியம் டிலெட் 1933இல் ஒரு பாக்டீரியாவிடமிருந்து கண்டுபிடித்திருந்தார்; ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று பெயர். நோய்க்குக் காரணமும் தெரியும், கரைப்பானும் கையில். இரண்டும் சேர்ந்து நிரூபிக்கப்பட்ட சிகிச்சையாக அரை நூற்றாண்டு ஆயிற்று. நடுவில், 1970களில், காரணமே சந்தேகத்துக்குள்ளானது. மாரடைப்பு வந்த சிறிது நேரத்தில் இறந்தவர்களின் உடலைத் திறந்தால் பலரிடம் கட்டி இல்லை. அப்படியானால் கட்டி மாரடைப்பின் விளைவுதானே தவிர காரணமல்ல என்று பெயர்பெற்ற நோயியலாளர்களே வாதிட்டார்கள். உயிருள்ள நோயாளியிடம் பார்த்துவிடலாம் என்றால், மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் இதயத்துக்குள் குழாயைச் செலுத்துவது ஆபத்து என்று கருதப்பட்டது.

பெரிய ஆய்வு நகரங்கள் எதிலும் இல்லாமல், அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள ஸ்போகேன் என்ற ஊரில் மார்கஸ் டிவுட்டும் உடன் வேலை செய்தவர்களும் அந்தக் காரியத்தைச் செய்தார்கள். 1980இல் முடிவு வெளிவந்தது. வலி தொடங்கி நான்கு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் எடுக்கப்பட்ட 126 பேரில் 110 பேருக்குக் குழாய் முழுதாக அடைபட்டிருந்தது. அதாவது 87 சதவீதம். 12 மணி நேரம் கடந்து எடுக்கப்பட்டவர்களிடம் அது 65 சதவீதம்தான். நேரமாக ஆகக் கட்டி தானாகவே கரையத் தொடங்கிவிடுகிறது. உடல் தாமதமாகவாவது தன் வேலையைச் செய்யப் பார்க்கிறது. ஹெரிக் சொன்னது சரி என்று ஆனபோது அவர் இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

இதற்கு மூன்று ஆண்டு முன்பே, ரெய்மர், ஜென்னிங்ஸ் என்ற ஆய்வாளர்கள் நாய்களின் இதயக் குழாயைக் கட்டி, வெவ்வேறு நேரத்தில் அவிழ்த்துப் பார்த்திருந்தார்கள். ஆபத்துக்குள்ளான தசையில் 40 நிமிடத்தில் 38 சதவீதம் இறந்திருந்தது. மூன்று மணி நேரத்தில் 57. ஆறு மணி நேரத்தில் 71. உள்ளடுக்கில் தொடங்கும் சாவு ஓர் அலைபோல வெளியடுக்கை நோக்கி நகர்கிறது. மாரடைப்பு ஒரு நொடியில் முடிந்துபோகும் விபத்து அல்ல, மணிக்கணக்கில் நடக்கும் ஒரு செயல் என்று அந்த எண்கள் காட்டின. நடக்கும் செயலை நடுவில் நிறுத்த முடியும்.

நிறுத்த முடிகிறது என்று நிரூபித்தது இத்தாலி. ஏறக்குறைய 12,000 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு 1986இல் வெளிவந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி பெறாதவர்களில் 21 நாளுக்குள் 13 சதவீதம் பேர் இறந்தார்கள், பெற்றவர்களில் 10.7 சதவீதம். வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். நேரத்தால் பிரித்துப் பார்த்தால்தான் அதன் அர்த்தம் விளங்கும். வலி தொடங்கிய முதல் மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களில் இறப்பு ஏறக்குறைய பாதியானது. ஆறு மணி நேரம் தாண்டி வந்தவர்களுக்குச் சொல்லும்படியான பயன் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து 17,187 பேரைக் கொண்ட இன்னொரு ஆய்வு ஊசியோடு ஆஸ்பிரினையும் சேர்த்தது. எதுவும் பெறாதவர்களில் ஐந்து வாரத்தில் இறந்தவர்கள் 13.2 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 8. அந்த ஆய்வைப் பற்றி ஒரு கிளைக்கதை உண்டு. நோயாளிகளை வயது, பால் என்று சிறு பிரிவுகளாகப் பிரித்தும் முடிவைச் சொல்லுங்கள் என்று வெளியிட்ட இதழ் கேட்டதாம். அப்படிக் கூறுபோட்டால் என்ன அபத்தம் வரும் என்று காட்ட ஆய்வாளர்கள் ராசிவாரியாகவும் பிரித்தார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை. மற்ற பத்து ராசிகளுக்கும் பிரமாதமாகப் பலித்தது. நம் ஊரில் இதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாதவர்களும் இருக்கக்கூடும்.

1980களில்தான் தலைகீழ் மாற்றம் நடந்தது. அதுவரை காலம் நோயாளியின் பக்கம் இருந்தது. ஆறு வாரம் கொடு, இதயம் ஆறும். அதன்பின் காலம் எதிரணிக்குப் போய்விட்டது. சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் 1977இல் முதன்முதலாக மனித இதயக் குழாயில் பலூனை ஊதி விரித்ததும், பிறகு ஸ்டென்ட் வந்ததும் கருவிகளின் கதை. அவை செய்ததெல்லாம் ஊசி செய்ததை இன்னும் உறுதியாகச் செய்ததுதான். அடிப்படை எண்ணம் 1980களிலேயே மாறிவிட்டது. அன்று ஆம்புலன்ஸ்காரர் நோயாளியை அலுங்காமல் கொண்டுவர வேண்டியவர். இன்று அவர் ஈசிஜி எடுத்து மருத்துவருக்கு அனுப்ப வேண்டியவர்.

இந்தக் கணக்கில் இந்தியா எங்கே நின்றது? 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளைப் பதிவு செய்து 2008இல் வெளிவந்த ஆய்வு பதில் தந்தது. அவர்களில் பாதிப்பேர், வலி தொடங்கி ஆறு மணி நேரம் கழித்தே மருத்துவமனை வாசலை மிதித்தார்கள். இத்தாலிய ஆய்வில் ஊசியின் பயன் மங்கும் அதே ஆறு மணி. உள்ளே வந்தபின் ஊசி போட மேலும் ஐம்பது நிமிடம். நோயாளிகளின் சராசரி வயது 57.5, மேல்நாடுகளைவிட இளமை. முப்பது நாளில் வசதி படைத்தவர்களில் இறந்தவர்கள் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2. ஐசனோவருக்கு வீணான பத்து மணி நேரத்தால் பெரிய நஷ்டம் இல்லாததற்கு அன்றைய மருத்துவத்தின் இல்லாமை காரணம். இவர்களுக்கு வீணான ஆறு மணி நேரத்துக்குப் பேருந்தும், பணமும், வாயுப் பிடிப்பாக இருக்கும் என்ற நம்பிக்கையும் காரணம்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் வேறு இதய மருத்துவர்களோடு சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். எல்லா ஊரிலும் காத் லேப் கட்டிவிட முடியாது. ஆகவே காத் லேப் உள்ள ஒரு மருத்துவமனையை மையமாக்கி, சுற்றிலுமுள்ள சிறிய மருத்துவமனைகளை அதோடு இணைத்தார்கள். சிறிய இடத்திலேயே ஈசிஜி எடுத்து ஊசி போட்டுவிடுவது, பிறகு ஒரு நாளுக்குள் ஆம்புலன்ஸில் மையத்துக்கு அனுப்பி ஆஞ்சியோ பார்ப்பது. நான்கு இடங்களில், 2,420 நோயாளிகளிடம், இந்த ஏற்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 61 சதவீதமானார்கள். ஓர் ஆண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். புதிய மருந்து ஒன்றும் இல்லை. இருந்ததை நேரத்தில் கொண்டுசேர்த்ததுதான்.

பெற்றது இவ்வளவு என்று எண்ணால் சொல்ல முடிகிறது. இழந்ததற்கு எண் இல்லை. இருந்தாலும் இழப்பு இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு வாரம் ஒரே படுக்கையில் கிடந்தவரை மருத்துவருக்குத் தெரிந்திருக்கும். அவர் என்ன வேலை செய்கிறார், யாரைப் பற்றிக் கவலைப்படுகிறார், எத்தனை சிகரெட், வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்பதெல்லாம் தினமும் நாடி பார்க்கும்போது பேச்சோடு பேச்சாக வந்துவிடும். நோயாளிக்கும் தனக்கு நடந்தது என்ன என்று யோசிக்க நேரம் இருந்தது. இன்று குழாய் திறக்கும் நிபுணரை நோயாளி மயக்கத்துக்கும் பயத்துக்கும் நடுவில் முகக்கவசம் அணிந்தவராகவே பார்க்கிறார். மூன்றாம் நாள் கிளம்பும்போது சொல்லப்படுவது: அடைப்பு எடுத்தாச்சு, மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். முதல் பாதிதான் காதில் நிற்கிறது. எடுத்தாச்சு என்றால் முடிந்துபோயிற்று என்றுதானே அர்த்தம்?

முடியவில்லை. 1939இல் எழுதப்பட்ட தழும்புக் கணக்கு இன்றும் செல்லும். குழாயைச் சீக்கிரம் திறந்தால் காயம் சிறியதாகிறது. ஆனால் பட்ட காயம் ஆற அதே வாரங்கள்தான் ஆகின்றன. அன்று அந்த வாரங்களை மருத்துவமனையில், ஒருவர் கண்காணிப்பில் கழித்தார்கள். இன்று வீட்டில், பெரும்பாலும் தனியாக, தலைமாட்டில் ஃபைலை வைத்துக்கொண்டு கழிக்கிறார்கள். 17 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. அதில் இந்தியாவும் அடங்கிய ஏழை நாடுகளின் பிரிவில், முன்பு மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களில் 80 சதவீதம் பேர், மறுபடி வராமல் தடுக்கும் மருந்துகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை.

பிழைத்தவர்கள் பெருகியதால் இன்னொன்றும் பெருகியது. அன்று பெரிய மாரடைப்பு வந்தவர் இறந்தார். இன்று அவர் பிழைத்து, பலவீனமான இதயத்தோடு பல ஆண்டு வாழ்கிறார். எக்கோ முடிந்து வெளியே வந்ததும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, பம்பிங் எவ்வளவு? ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் சதவீதம் அது. 55க்கு மேல் என்றால் நிம்மதி. 30 என்றால் முகங்கள் வாடுகின்றன. ஐசனோவரையும் கடைசியில், 1969இல், கொண்டுபோனது இந்த இதயச் செயலிழப்புதான்.

அவருக்கு அன்று தர இருந்தவை டிஜிட்டாலிஸ், சிறுநீரைப் பிரியவைக்கும் மருந்து, உப்பில்லாத சாப்பாடு. பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் அப்போதே வந்துவிட்டன. ஆனால் துடிப்பையும் அழுத்தத்தையும் குறைப்பவை, சோர்ந்த இதயத்தை மேலும் சோர்வடையச் செய்யும் என்று அவை தடை செய்யப்பட்டிருந்தன. ஸ்வீடனில் ஃபின் வாக்ஸ்டைன் 1975இல் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் தேறினார்கள் என்று எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. 1999இல் 2,647 பேரிடம் நடந்த ஆய்வில் இறப்பு 17.3 சதவீதத்திலிருந்து 11.8 ஆகக் குறைந்தது. தடை செய்யப்பட்ட மருந்து கட்டாய மருந்தாயிற்று. சோர்ந்த இதயத்தை விரட்டக் கூடாது, ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் தத்துவம் என்று ஒருவாறு சொல்லலாம். 1940களின் மருத்துவர்கள் படுக்கையால் கொடுக்க நினைத்ததும் அதைத்தான். அவர்கள் ஓய்வு கொடுத்தது உடம்புக்கு.

இறந்த தசை திரும்ப முளைக்காது என்பதும் அன்றைய பாடம். அதை 2009இல் ஸ்டாக்ஹோமில் சோதித்த விதம் விநோதமானது. ஐசனோவர் காலத்து அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பன், அப்போது வாழ்ந்த எல்லோருடைய உயிரணுக்களிலும் பதிந்திருக்கிறது. அந்தப் பதிவை வைத்து இதயத்தசையின் வயதைக் கணக்கிட்டார்கள். 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஓர் உயிரணு புதுப்பிக்கப்படுகிறது. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. முளைக்கவே முளைக்காது என்ற பாடம் தவறு. ஆனால் ஒரு மாரடைப்பின் இழப்பை ஈடுசெய்ய இது எம்மட்டு?

இன்றைய பாடங்களும் ஒவ்வொன்றாக ஆட்டம் காண்கின்றன. ஐசனோவரின் ஆக்சிஜன் கூடாரம் போனபின்னும் ஆக்சிஜன் மட்டும் நிலைத்திருந்தது. நெஞ்சுவலி என்றதும் முகமூடி மாட்டுவது எல்லா ஊரிலும் வழக்கமாக இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்த 6,629 பேரை இரண்டாகப் பிரித்து ஸ்வீடன் பார்த்தது. ஓர் ஆண்டில் இறந்தவர்கள் ஆக்சிஜன் பெற்ற பக்கம் 5.0 சதவீதம், பெறாத பக்கம் 5.1. முடிவு வந்தது 2017இல்.

இப்போது பீட்டா பிளாக்கரின் முறை. பம்பிங் குறைந்தவர்களுக்கு அது வேண்டும் என்பதில் மாற்றமில்லை. மாரடைப்பு வந்தும் பம்பிங் குறையாதவர்களுக்கு வேண்டுமா என்பதுதான் கேள்வி. அவர்களுக்கும் காலமெல்லாம் எழுதிக்கொடுத்துவந்த மாத்திரை அது. 5,020 பேரைக் கொண்ட ஓர் ஆய்வு 2024இல் பயன் தெரியவில்லை என்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஸ்பெயினும் இத்தாலியும் செய்தது, பயனில்லை என்றது. நார்வேயும் டென்மார்க்கும் செய்தது, கொஞ்சம் பயன் உண்டு என்றது. ஸ்டென்ட் வைத்துச் சில ஆண்டு ஆன ஒருவர் ஃபைலை விரித்து, இதை இன்னும் எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று இன்று கேட்டால், பதில் அவர் எந்த மருத்துவரிடம் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது.